எந்த இனம் என்று சொல்ல முடியாத நாய்

நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே நடப்பவரிடம் எதிரில் வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது என்ன இனம்?" என்பதாகவே இருக்கும். கலப்பின நாய் வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இருப்பதில்லை. தலை ஜெர்மன் ஷெப்பர்டைப் போல இருக்கும். கால்களோ ஒரு சாண் உயரம்தான் இருக்கும். ஒரு காது விறைத்து நிற்க, மற்றது பாதியில் மடிந்து தொங்கும். இப்படியொரு நாயைச் சும்மா பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர்கள் குறைவு. ஆனால் இந்த ஈர்ப்பு தோற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. கலப்பின நாய் நோய்நொடி இல்லாதது, நீண்ட நாள் வாழ்வது, புத்திசாலி, நன்றியுள்ளது என்றெல்லாம் ஒரு பட்டியலும் கூடவே சொல்லப்படுகிறது. அந்தப் பட்டியலில் சில ஆய்வுக்கு நிற்கின்றன, சில நிற்பதில்லை. உடல்நலத்தில் கலப்பின நாய்களுக்கு ஓரளவு சாதகம் உண்டு. ஆனால் பலர் நம்பும் அளவுக்கு இல்லை. இனப்பெயர் எதையும் உறுதியளிக்காத காரணத்தால், வளர்ப்பவர் தன் முன்னால் இருக்கும் அந்த ஒரு நாயையே கவனித்து அறிய வேண்டியிருக்கிறது என்பதையே நான் அவற்றின் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன்.

நாய் மனிதரோடு வாழத் தொடங்கி 15,000 ஆண்டுகளுக்குக் குறையாது. ஜெர்மனியில் போன் நகரை ஒட்டிய ஓபர்காசெல் என்னுமிடத்தில், ஓர் ஆணோடும் ஒரு பெண்ணோடும் புதைக்கப்பட்டிருந்த நாயின் எலும்புகள் ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையானவை. அந்தக் காலக்கணக்கில் பார்த்தால், இன்று நாம் இனம் என்று சொல்லும் ஏற்பாடு மிக அண்மையில் வந்தது. மந்தைக்கு ஒரு வகை, வேட்டைக்கு ஒரு வகை, காவலுக்கு ஒரு வகை என்று நாய்கள் முன்பும் பிரிந்தே இருந்தன என்றாலும், அந்தப் பிரிவு வேலையை வைத்து வந்தது. நன்றாக ஆடு மடக்கும் நாயோடு நன்றாக ஆடு மடக்கும் இன்னொரு நாயைச் சேர்த்தார்கள். காதின் மடிப்பையோ மார்பின் வெள்ளைத் திட்டையோ பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859இல் நடந்த நாய்க் கண்காட்சியும், நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமாக 1873இல் லண்டனில் தொடங்கப்பட்ட கென்னல் கிளப்பும், 1884இல் தொடங்கிய அமெரிக்கன் கென்னல் கிளப்பும் இந்த நிலையை மாற்றின. ஒவ்வோர் இனத்துக்கும் இன்ன உயரம், இன்ன நிறம், இன்ன வால் என்று எழுத்தில் வரையறை வந்தது. தாயும் தந்தையும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் அதில் இடம் என்ற விதி வந்தது. கலப்பினம் என்ற வகையே அப்போதுதான் உண்டானது எனலாம். வேலி போட்ட பிறகுதானே வேலிக்கு வெளியே என்று ஓரிடம் வருகிறது.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தெருக்களிலும் கிராமங்களிலும் தாமாகத் திரியும் நாய்களைப் பலரும் கலப்பினம் என்றே எண்ணுகிறார்கள். இது பொதுவாகச் சரியல்ல. வெளிநாட்டு இனங்களின் கலப்பு சில இடங்களில் ஏற்பட்டிருந்தாலும், அவற்றில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டு இனத்திலிருந்தும் வந்தவையல்ல. பதிவேட்டு இனங்கள் உருவாவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இயற்கைத் தேர்வில் நிலைத்த தொன்மையான நாய்க் கூட்டங்கள் அவை. அவற்றின் மரபணு வேறுபாடும் தூய இனங்களில் இருப்பதைவிட அதிகம். இந்தக் கட்டுரையில் பேசப்படுவது, வெவ்வேறு இனங்கள் ஒரு தலைமுறையிலோ பல தலைமுறைகளிலோ கலந்து பிறந்த நாய்களைப் பற்றி.

மூடிய பதிவேடு என்ன செய்யும் என்பதைக் காட்ட, புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாயை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பெரும்பாலான நாய்களின் உடலில் யூரிக் அமிலம், எளிதில் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும். டால்மேஷியனில் ஒரே ஒரு மரபணுக் குறையால் அந்த மாற்றம் சரிவர நடப்பதில்லை. கரையாத யூரிக் அமில உப்பு சிறுநீர்ப்பையில் கல்லாகச் சேர்கிறது. குறிப்பாக ஆண் நாய்களில் அது சிறுநீர்ப் பாதையை அடைத்து, உடனடி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடுகிறது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. சிக்கல் என்னவென்றால், இந்தக் குறை இனம் முழுவதிலும் இரட்டைப் பிரதியாகப் படிந்துவிட்டிருந்தது. நல்ல பிரதியை வைத்திருக்கும் ஒரு டால்மேஷியன்கூட இல்லாதபோது, டால்மேஷியனோடு டால்மேஷியனை எத்தனை கவனமாகச் சேர்த்தாலும் குறை நீங்காது. 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள், ஒரு டால்மேஷியனை பாயின்டர் நாய் ஒன்றோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல பிரதி உள்ளவற்றைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் டால்மேஷியன்களோடே சேர்த்துவந்தார். சில தலைமுறைகளில் பார்வைக்கு முழு டால்மேஷியனாகவும் சிறுநீர்க் குறை இல்லாததாகவும் ஒரு கிளை உருவாகிவிட்டது. அறிவியல் சிக்கல் அங்கே தீர்ந்தது. ஆனால் பாயின்டரின் இரத்தம் கலந்துவிட்டது என்ற எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்கன் கென்னல் கிளப் அந்தக் கிளையைப் பதிவேட்டில் நிலையாக ஏற்றுக்கொண்டது 2011இல்தான். ஒரே ஒரு வெளி நாயின் வரவால் தீர்ந்த நோயை, காகிதத் தூய்மைக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சுமக்க விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டைக் கேட்டதும், கலந்து பிறந்த எல்லா நாயும் நோயற்றது என்ற முடிவுக்குத் தாவத் தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. கலப்பு பாதுகாப்பது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படும் நோய்களிலிருந்து, அதாவது குறையுள்ள பிரதி இரண்டு சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களிலிருந்து. இரு வேறு இனத்துப் பெற்றோருக்கு ஒரே குறை இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதால் குட்டி தப்புகிறது. இரு இனங்களுக்கும் பொதுவாக உள்ள கோளாறுகளிலிருந்தும், பல மரபணுக்களும் உடல் எடையும் வளர்ப்பு முறையும் சேர்ந்து உண்டாக்கும் கோளாறுகளிலிருந்தும் அது தப்புவதில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், 1995 முதல் 2010 வரையிலான கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, இந்த வரம்பை நன்றாகக் காட்டுகிறது. 27,000க்கும் மேற்பட்ட நோயுற்ற நாய்களின் பதிவுகளில் 24 மரபுவழிக் கோளாறுகளைத் தேடினார்கள். தூய இன நாய்களில் கூடுதலாகத் தெரிந்தவை 10. இரு பிரிவிலும் வேறுபாடின்றி இருந்தவை 13. இடுப்பு மூட்டுக் கோளாறும் சில புற்றுநோய்களும் இந்தப் பிரிவில் வருகின்றன. மீதி ஒன்று, பின்னங்கால் முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவது, கலப்பின நாய்களிலேயே அதிகம் காணப்பட்டது. 2018இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களைப் பரிசோதித்த மற்றோர் ஆய்வில், ஐந்தில் இரண்டு நாய்களிடம் ஏதேனும் ஒரு நோய்க்கான மரபணு மாற்றம் குறைந்தது ஒரு பிரதியாவது இருந்தது. பரவலாகக் காணப்படும் அத்தகைய மாற்றங்கள் இரு பிரிவுக்கும் பொதுவானவை. ஆனால் இரண்டு பிரதியும் சேர்ந்து நோயாக வெளிப்படும் நிலை தூய இனங்களில் கூடுதல். கலப்பின நாயும் குறையைச் சுமக்கிறது. அது வெளியே தெரியும் வாய்ப்புத்தான் குறைகிறது.

ஆயுளைப் பற்றிய தரவுகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஆய்வு கலப்பின நாய்களின் இடைநிலை ஆயுள் 13.1 ஆண்டு என்றும் தூய இனங்களுக்கு 11.9 ஆண்டு என்றும் சொன்னது. இந்தக் கணக்கு பல ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டுவந்தது. அதே நாட்டில் 2024இல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், தூய இனங்களுக்கு 12.7, கலப்பினங்களுக்கு 12.0 என்று தலைகீழாக வந்தது. இரண்டும் வெவ்வேறு வகைப் பதிவுகளிலிருந்து திரட்டப்பட்டவை என்பதால் ஒன்று பொய், மற்றது மெய் என்று சொல்லிவிட முடியாது. உடலின் அளவும் தலையின் வடிவமும் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதில் மட்டும் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. சிறிய உடலும் நீண்ட முகமும் கொண்ட நாய்கள் அதிக நாள் வாழ்கின்றன. மிகப் பெரிய நாய்களும், புல்டாக் போல முகம் தட்டையாகி மூச்சுவிடச் சிரமப்படும் நாய்களும் குறைந்த நாளே வாழ்கின்றன. தூய இனம் என்ற ஒரே கூட்டுக்குள் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு வாழும் சிறு டெரியர்களும் ஏழெட்டு ஆண்டில் இறக்கும் பெருநாய்களும் சேர்ந்திருப்பதால், அதன் சராசரியை வைத்துக் கலப்பினத்தை எடைபோடுவதே அவ்வளவு பயனுள்ளதல்ல.

தோற்றத்துக்கு வருவோம். கலப்பு என்றால் இரண்டு நிறச் சாயங்கள் போல ஒன்றில் ஒன்று கரைந்து நடுவில் வந்து நிற்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அளவு போன்ற பண்புகளில் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் நாயின் உருவத்தை வேறுபடுத்தும் பல பண்புகள் ஒன்றிரண்டு மரபணுக்களால் முடிவாகின்றன. ஆகவே அவை கரையாமல், இருக்கிறது அல்லது இல்லை என்பதாகவே வெளிப்படுகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களின் சேர்க்கையால் விளக்கிவிடலாம் என்று காட்டியது. ஒன்று நீளத்தையும், ஒன்று சுருளையும், ஒன்று மீசை, தாடி, தடித்த புருவம் போன்ற முகரோமத்தையும் தீர்மானிக்கின்றன. பொதுவாகக் குட்டை ரோமம், ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு, நீள ரோமம் ஒடுங்கு பண்பு. முகரோமத்துக்கு ஒரு பிரதி போதும். குட்டைக் கால்களுக்கும் ஒரு பிரதி போதும். கோர்கியோடோ டாக்ஸ்ஹண்டோடோ கலந்த நாய்கள் எந்த முகத்தோடு பிறந்தாலும் தரையை ஒட்டி நடப்பதற்கு இதுவே காரணம்.

பொன்னிற நீள ரோமம் கொண்ட கோல்டன் ரிட்ரீவரையும், மரபில் வேறு நிறம் எதுவும் மறைந்திராத குட்டை ரோமக் கறுப்பு லாப்ரடாரையும் சேர்த்தால், குட்டிகள் வெளிர்பொன் நிறத்தில் நடுத்தர ரோமத்தோடு பிறக்காது. எல்லாமே கறுப்பாக, குட்டை ரோமத்தோடு இருக்கும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் அமைப்புகள் இந்தக் கலப்பை வேண்டுமென்றே உருவாக்குவதுண்டு. அவற்றில் பலவற்றைப் பார்ப்பவர்கள் லாப்ரடார் என்றே சொல்லிவிடுவார்கள். ரிட்ரீவரின் பொன்னிறம் எங்கும் போய்விடவில்லை. அந்தக் குட்டிகள் தங்களுக்குள் இணைந்தால் அடுத்த தலைமுறையில் பொன்னிறமும் நீள ரோமமும் திடீரென்று மேலே வரும்.

அந்த இரண்டாம் தலைமுறையின் பன்முகத்தை மிக அழகாகக் காட்டியவர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள். மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் நெடுங்காலம் நடந்து 1965இல் முடிவுகள் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஆப்பிரிக்க வேட்டை நாயான பசென்ஜியையும் காக்கர் ஸ்பானியலையும் கலந்தார்கள். முதல் தலைமுறைக் குட்டிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்திருந்தன. அவற்றைத் தங்களுக்குள் சேர்த்துப் பெற்ற இரண்டாம் தலைமுறையிலோ நிறம், ரோமம், காது, உடல்வாகு எல்லாம் பலவாறாகச் சிதறி, இவை ஒரே தாத்தா பாட்டியின் பேரக்குட்டிகள் என்று நம்பவே முடியாத அளவுக்கு வேறுபட்டன. இரண்டே இனங்கள் கலந்ததற்கு இப்படியென்றால், ஐந்தாறு இனங்கள் கலந்த நாயின் பாட்டியை அதன் முகத்தில் தேடுவது வீண் முயற்சி. போதாக்குறைக்கு, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தைகள் இருப்பதும் நாய்களில் உண்டு.

காப்பகங்களில் நாள்தோறும் நாய்களைக் கையாளும் ஊழியர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், காப்பகம் ஒன்றின் ஊழியர்கள் பார்வையால் சொன்ன இனங்களை டிஎன்ஏ முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். நாயின் மரபில் உள்ள இனங்களில் ஒன்றையாவது சரியாகச் சொன்னது 67 விழுக்காடு. ஒன்றுக்கு மேற்பட்டதைச் சரியாகச் சொன்னது ஏறத்தாழ 10 விழுக்காடுதான். கூண்டின் மீது தொங்கும் அட்டையில் எழுதப்படும் ஓர் இனப்பெயர், அந்த நாயை யாராவது வீட்டுக்கு அழைத்துப் போவார்களா என்பதையே மாற்றிவிடக்கூடியது. அந்த வகையில் இது சாதாரணத் தவறில்லை.

சரி, இனம் சரியாகத் தெரிந்துவிட்டால் நாயின் குணம் தெரிந்துவிடுமா? 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதை நேரடியாகக் கேட்டது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் குணம் பற்றிய விவரங்களைத் திரட்டி, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தால் விளங்கியது சராசரியாக 9 விழுக்காடு மட்டுமே. கட்டளைக்குச் செவிசாய்க்கும் தன்மை போன்ற சிலவற்றில் இனத்தின் பங்கு கூடுதலாகத் தெரிந்தது. எவ்வளவு எளிதில் சீறும் என்பது போன்றவற்றில் மிகக் குறைவாகவே தெரிந்தது. அந்த ஆய்வில் கலப்பின நாய்களுக்கு முக்கியப் பங்கு இருந்தது. தூய இனத்தில் உருவமும் குணமும் ஒரே கட்டாக வருவதால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. கலப்பின நாய்களில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்து கிடக்கிறது.

மீதியைத் தீர்மானிப்பதில் குட்டிப்பருவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டி எதைப் பார்க்கிறதோ, யார் கையில் இருக்கிறதோ, எந்தச் சத்தத்தைக் கேட்கிறதோ அதையெல்லாம் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளக் கற்கிறது. அந்த வாரங்களில் மனிதத் தொடுகையே இல்லாமல் வளர்ந்த குட்டி, எத்தகைய மரபில் வந்தாலும், பிற்காலத்தில் விருந்தாளியைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளக்கூடும். கலப்பின நாய்களில் பல எங்கோ கண்டெடுக்கப்பட்டவை என்பதால், அந்தக் காலம் எப்படிக் கழிந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. பயந்த நாய்க்கு நேரம் கொடுப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

திறமையைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் பூமியைச் சுற்றிய லைகா, மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட கலப்பின நாய். குளிரையும் பசியையும் தாங்கப் பழகியவை என்பதற்காகவே சோவியத் ஆய்வாளர்கள் தெரு நாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திறனுக்கு லைகா கொடுத்த விலை உயிர் என்பதை மறந்துவிட்டு அதைப் பெருமையாக மட்டும் சொல்வது நியாயமாகாது. 1960 ஆகஸ்ட்டில் சென்ற பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் உயிரோடு திரும்பின. அலாஸ்காவின் பனிவண்டிப் போட்டிகளில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை, ஓட்டத்தையும் பாதத்தின் உறுதியையும் மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கலக்கப்பட்டவை. தூய இனங்களின் கோட்டையான நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியிலும் தடை தாண்டும் பிரிவு 2014 முதல் கலப்பின நாய்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2024இல் பார்டர் கோலியும் பாப்பியோனும் கலந்த நிம்பிள் என்ற நாய் அதில் முதலிடம் பெற்றது.

இதற்கிடையே, கலப்பையே விற்பனைச் சரக்காக்கும் போக்கும் வளர்ந்துவிட்டது. 1989இல் ஆஸ்திரேலிய வழிகாட்டு நாய் அமைப்பில் பணியாற்றிய வாலி கான்ரன், நாய் ரோமம் ஒவ்வாத கணவரோடு வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். அதற்கு லாப்ரடூடில் என்று பெயர் வைத்ததும் கேட்பவர்கள் பெருகினார்கள். உடல்நலத்தைச் சோதிக்காமலே குட்டி ஈன வைத்து விற்பவர்களும் பெருகினார்கள். தான் செய்தது தவறு என்று கான்ரனே பின்னாளில் வருந்தினார். லாப்ரடூடில், காக்கப்பூ, கவபூ ஆகிய மூன்று புகழ்பெற்ற கலப்புகளை அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டு இங்கிலாந்தின் ராயல் வெட்டரினரி காலேஜ் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 57 பொதுவான நோய்களைப் பொறுத்தவரை ஏறத்தாழ 87 விழுக்காடு ஒப்பீடுகளில் வேறுபாடே தெரியவில்லை. ஒவ்வாமை உண்டாக்காது என்ற விளம்பரத்துக்கும் உறுதியான சான்று இல்லை. ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் எச்சிலிலும் தோலிலும் இருப்பதால், ரோமம் உதிராத நாயிடமும் அது உண்டு. திட்டமிடாத கலப்பு ஆபத்தாகவும் முடியும். சாம்பல் திட்டுகள் கொண்ட மெர்ல் நிறத்துக்கான மரபணு ஒரு பிரதியாக இருந்தால் அழகு. அந்த நிறமுள்ள இரு நாய்களைச் சேர்த்தால், அவை எந்த இனமாக இருந்தாலும், நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் சேர்ந்து, செவியோ கண்ணோ பாதிக்கப்படும் அபாயம் மிகுதி.

வளர்க்க எடுப்பவர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடியவை சில. கலப்பினக் குட்டியின் பாதத்தைப் பார்த்து வளர்ந்தபின் இவ்வளவு பெரிதாகும் என்று சொல்வதை நம்ப முடியாது. சிறிய நாய்கள் ஏறத்தாழ பத்து மாதத்தில் வளர்ச்சி முடிந்துவிட, பெரியவை ஒன்றரை ஆண்டுக்கு மேலும் வளரும். இடம் குறைந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும், அளவும் குணமும் துலங்கிவிட்ட வளர்ந்த நாயே பொருத்தம். அப்படிப்பட்ட நாயை ஒரே சந்திப்பில் முடிவு செய்யாமல், கூண்டுக்கு வெளியே, வேறுவேறு நேரங்களில், சேர்ந்து நடந்து பார்ப்பது நல்லது. காப்பகத்தின் இரைச்சலில் ஒடுங்கிக் கிடக்கும் நாய் வெளியே வேறு நாயாக இருக்கும்.

டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்பவர்கள், வரும் இனப்பட்டியலை ஆர்வத்துக்காகப் படித்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பீட்டுத் தரவுகள் மாறுவதால் அந்த விழுக்காடுகளும் மாறும். அதே அறிக்கையில் நோய் தொடர்பாக வரும் பகுதிக்குப் பயன் அதிகம். கோலி போன்ற மந்தை நாய்களின் மரபில் எம்டிஆர்1 என்ற மரபணுவின் மாறிய வடிவம் பரவலாக உண்டு. அதைப் பெற்ற நாய்க்கு, ஒட்டுண்ணிகளை ஒழிக்கும் ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் அளவு கூடினால் மூளைக்குள் சேர்ந்து, தள்ளாட்டம், வலிப்பு, உணர்விழப்பு வரை கொண்டுபோகும். தோற்றத்தில் கோலியின் சாயலே இல்லாத நாயிடமும் இந்த மரபணு இருக்கக்கூடும் என்பதால், முடிவு வந்ததும் அந்த ஒரு வரியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நாயின் மருத்துவக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.